ஏழாவது வளைவில் செத்துப்போன கண்டன்சர்

டிரிங்... டிரிங்... டிரிங்!

போடி போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியபோது சப்-இன்ஸ்பெக்டர் பால்பாண்டி இரண்டாவது ஊத்தப்பத்தில் இருந்தார்.

"யாருய்யா?"

"அய்யா, ஏலக்காய் எஸ்டேட் மேனேஜர் சுருளிவேல் பேசுறேன்! எங்க மொதலாளி சோலைமலை... மலைப்பாதையில ஏழாவது வளைவுல... கார் பின்சீட்டுல உக்காந்திருக்காரு!"

"உக்காந்தா என்ன?"

"நெஞ்சுல ஓட்டையோட உக்காந்திருக்காரு அய்யா!"

ஊத்தப்பம் பாதியில் நின்றது.

1956. போடி ஸ்டேஷனுக்கு அப்போது சொந்தமாக வண்டி கிடையாது. பால்பாண்டி இரண்டு கான்ஸ்டபிள்களோடு மேலே போகும் பஸ்சை மறித்து ஏறினார். ஏழாவது வளைவில் பச்சைக் கார் ஓரங்கட்டி நின்றது. உள்ளே சோலைமலை. வெள்ளைச் சட்டையில் சிவப்பு!

சுருளிவேல் ஜீப்பில் சாய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

"டிரைவர் எங்க?"

"ஜக்கையனா? சுட்டுப்புட்டு ஓடிட்டான் அய்யா! நேத்து மொதலாளி அவன அறைஞ்சாரு. நான் கண்ணால பாத்தேன்."

ஓடிப்போனவன் அடுத்த நிமிடமே வந்து சேர்ந்தான்... ஒரு லாரியில்! கூடவே, கையில் டூல்ஸ் பையோடு மெக்கானிக் அமாவாசை.

காருக்குள் பார்த்ததும் ஜக்கையன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அய்யோ... மொதலாளி!"

"நடிக்காதடா. எங்க போன?"

"வண்டி மிஸ் அடிச்சிச்சுங்க. டப்பு டப்புன்னு வெடிச்சு இங்கன நின்னு போச்சு. 'வெரசா போயி மெக்கானிக்கக் கூட்டியா'ன்னாரு. எறங்குற லாரியில போனேன்."

பால்பாண்டி முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தார்.

விர்ர்ர்ரூம்! தடங்கல் இல்லாமல் ஓடியது இன்ஜின்.

"இதாடா மிஸ் அடிக்கிற வண்டி? போடுய்யா விலங்கு!"

ஜக்கையன் கதறினான். "சாமி, எம்பொண்டாட்டி அன்னக்கொடிக்கு இது ஏழாம் மாசம்! என்னையத் தூக்குல போட்டா அவ என்ன ஆவா?"

லாரி திரும்ப இடம் வேண்டியிருந்தது. சுருளிவேல் ஜீப்பைக் கிளப்பி நகர்த்திக் கொடுத்தான். சோலைமலையின் உடலை ஏற்றிக்கொண்டு லாரி இறங்கியது.

அமாவாசை மட்டும் ஜீப்பையே முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பினான்.

"அய்யா, அரை மணி நேரம் குடுங்க. ஒரு உசுரு விசயம்."

"என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணல. வண்டிய ஓட விட்டுட்டு பீடி குடிக்கப் போறேன்."

கார் நின்ற இடத்திலேயே ஓடியது. பத்து நிமிடம். இருபது நிமிடம். பானெட்டைத் திறந்தால் முகம் வேகும் அளவுக்குச் சூடு.

டப்...

டப்... டப்...

டமார்!!

கான்ஸ்டபிள்கள் குப்புற விழுந்தார்கள். பால்பாண்டி ஓரத்துப் பள்ளத்தில் பாய்ந்தார். சுருளிவேல் பாறைக்குப் பின்னால் போனான்.

மேலே சரிவில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த செல்லத்தாய் கத்தினாள். "இதே சத்தந்தான் காலையிலயும் கேட்டுச்சு! கார் நின்னு, லாரி எறங்கிப் போயி, நான் வெத்தல போட்டுத் துப்புன பெறவும் ஒண்ணு வெடிச்சிச்சு!"

பால்பாண்டி பள்ளத்திலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"நின்ன வண்டி எப்படிய்யா வெடிக்கும்?"

"வெடிக்காதுங்க. அது குண்டு!" என்றான் அமாவாசை. "அப்ப ஜக்கையன் லாரியில போய்க்கிட்டிருந்தான்."

பால்பாண்டி மண்ணைத் தட்டியபடி ஏறி வந்தார். அமாவாசை ஒரு பிளக் ஒயரைக் கழற்றி இன்ஜின் பக்கத்தில் பிடித்தான்.

"பாருங்க. நல்ல பொறின்னா நீலமா பளிச்சுன்னு குதிக்கணும். இது மஞ்சளா, சீக்காளி கணக்கா இருக்கு. பெட்ரோல் வருது, பிளக்கு சுத்தம். கோளாறு இந்தப் பயகிட்டதான்."

விரல் நுனி அளவு தகர உருளை ஒன்றைக் கழற்றி எடுத்தான்.

"கண்டன்சர். பொறிக்குத் தெம்பு குடுக்குற சாமான். இது கெட்டா சூட்டுல படுத்துக்கும், ஆறுனா எந்திரிச்சுக்கும். அதான் நீங்க கிளப்புனப்ப நல்லபுள்ளையா ஓடுச்சு."

ஜக்கையனின் விலங்கு கழன்றது. அவன் அமாவாசையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மாப்ளே..."

"அழுவாத, இன்னும் சோலி முடியல. அய்யா, இந்தக் காருக்கு ஆவணியிலதான் புதுக் கண்டன்சர் மாட்டினேன். அதுல என் கொறடு பட்ட தழும்பு இருக்கும். இதுல இல்ல. எவனோ மாத்திப்புட்டான். சூடேறுனா மலையில பாதி வழியில நிக்கும்னு தெரிஞ்சவன்!"

"எவன்?"

"போன வாரம் ஒரு வண்டிக்கு இதே நோவு. 'கண்டன்சர் போச்சு, சூடானா நிக்கும், பட்டறைக்குக் கொண்டாங்க'ன்னேன். வரவே இல்ல. இன்னைக்குப் பாத்தா, மருந்தே இல்லாம கொணமாகி ஜம்முன்னு ஓடுது."

"எந்த வண்டிடா?"

அமாவாசை விரலை நீட்டினான்.

சுருளிவேலின் ஜீப்!

ஜக்கையன் துள்ளினான். "நேத்து ராத்திரி ஜீப்பும் காரும் மொதலாளி வீட்டு ஷெட்டுல ஒண்ணா நின்னுச்சுங்க! விடியமுன்ன இவரு மலையேறிட்டாரு. மொதலாளி இன்னைக்கு ஏலக்கா மூட்டைய எண்ணத்தான் கிளம்புனாரு... களவுபோகுதுன்னு!"

சுருளிவேல் ஒரே தாவலில் ஜீப்பில் ஏறினான். சீட்டுக்கு அடியிலிருந்து பன்றி சுடும் துப்பாக்கி வெளியே வந்தது!

"நகந்தா சுட்டுருவேன்! ஆமா, நாந்தான் கொன்னேன்! மேட்டுக்கு அந்தப் பக்கம் வேற ராஜ்ஜியம், அங்க போயிட்டா என்னைய எந்தப் போலீசும் புடிக்க முடியாது!"

துப்பாக்கி பால்பாண்டியின் நெஞ்சைப் பார்த்தது. சுருளிவேலின் கால் ஸ்டார்ட்டரை மிதித்தது.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

மறுபடி மிதித்தான்.

கிர்ர்ர்... கிர்ர்ர்ர்ர்...

ஜீப் அசையவில்லை. ஒரு கணம்... ஒரே கணம்தான்... குனிந்து மிதியைப் பார்த்தான். பின்னாலிருந்து ஜக்கையன் கழுத்தைக் கட்டிப் பிடித்தான். குண்டு வானத்துக்குப் போனது. கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஜீப்பு எப்படிடா கிளம்பாமப் போச்சு?" பால்பாண்டிக்கு மூச்சு வாங்கியது.

அமாவாசை உள்ளங்கையை விரித்தான். கறுப்பாக ஒரு சின்னத் துண்டு.

"ரோட்டருங்க. இது இல்லாட்டி பொறிக்கு வழி தெரியாது. நீங்க பள்ளத்துலயும் இவரு பாறைக்குப் பின்னாலயும் இருந்தப்ப உருவுனேன். என் தழும்பு போட்ட கண்டன்சரும் அங்கதான் உக்காந்திருந்துச்சு."

"சபாஷ்!" பால்பாண்டி ரோட்டரைப் பிடுங்கினார். ஜீப்பிலிருந்ததையும் கழற்றச் சொல்லி, இரண்டு கண்டன்சர்களையும் வாங்கினார். மூன்றையும் உறையில் போட்டு, அரக்கு உருக்கி சீல் வைத்து, கையெழுத்தும் போட்டார். "சாட்சி! கோர்ட்டுலதான் இனிப் பிரிக்கணும். சரி, வண்டியக் கிளப்பு, போடிக்குப் போவோம்."

"எந்த வண்டிங்கய்யா? ரெண்டு வண்டியோட உசுரும் உங்க உறைக்குள்ளல்ல இருக்கு!"

சப்-இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. அடுத்த பஸ்சுக்கு இன்னும் நாலு மணி நேரம்.

அமாவாசை காரின் பின்கதவைப் பணிவாகத் திறந்துவிட்டான்.

"ஏறுங்கய்யா, போடி வரைக்கும் இறக்கந்தான்... பிரேக்க மட்டும் நான் இன்னும் பாக்கல!"