ஹொனோரா கியோவின் பிள்ளை

நான்கு நாளாக வினி தாயிடம் பால் குடிக்கவில்லை. அந்த நான்கு நாளில் அவள் எடை முந்நூறு கிராம் கூடியிருந்தது.

குழந்தைநல நர்ஸ் தராசை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "கொழுகொழுன்னு இருக்கா, பால் குடிக்கலைன்னு யார் சொன்னது?" என்று சிரித்தாள். வினியின் தாய் பிரியோனியும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது? மார்பருகே கொண்டுபோனால் ஐந்து மாதக் குழந்தை உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, புட்டிப்பாலையும் துப்புகிறது, ஆனாலும் நாளுக்கு ஆறு முறை துணி நனைகிறது என்று சொன்னால், தூக்கம் கெட்டவள் உளறுகிறாள் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். பால் கட்டி அவள் மார்பு கல்லாய்க் கனத்தது. பெற்ற பிள்ளையே தன்னை வேண்டாமென்கிறதே என்ற அவமானம் அதைவிடக் கனத்தது.

அவர்கள் வீடு தெற்கு ஹோபார்ட்டில், மலையடி ஓடைக்கரையில். குளிர்காலத்தில் மூன்று மணிக்கெல்லாம் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். கணவன் கேலம் சால்மன் மீன் பண்ணைப் படகில் வேலைக்குப் போயிருந்தான். அதே கரையில் பத்து நிமிட நடையில் பழைய பெண் கைதிகள் கூடத்தின் சுவர்கள் நிற்கின்றன. ஈரம் ஊறிய, பாசி படிந்த, நடுப்பகலிலும் காயாத சுவர்கள்.

போன சனிக்கிழமை அந்தச் சுவர்களுக்கு நடுவில்தான் வாரிசுகள் கூடினார்கள். நூற்றெண்பது வருடங்களுக்கு முன் கைதிகளாகக் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்ட பெண்களுக்கு, அவர்கள் வழிவந்தவர்கள் ஆளுக்கொரு துணிக்குல்லா தைத்து, பெயரையும் கப்பலையும் நூலால் எழுதிக் கல்லின்மேல் வைப்பார்கள். பிறகு குடும்பத்தின் கடைசிக் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "இது உன் பிள்ளை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைதிப் பாட்டியை மறைக்க, வம்சப் பெயர்கள் எழுதிய குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள். இப்போது யாருடைய பாட்டி அதிகம் கஷ்டப்பட்டாள் என்பதில் போட்டி.

அந்தப் போட்டியில் பிரியோனியின் ஹொனோரா கியோ எல்லோரையும் தோற்கடித்தாள். இருபத்திரண்டு வயது. போர்வை திருடியதற்கு ஏழு வருடம். கைக்குழந்தையோடு கப்பலேறியவள். பால் மறக்கடிக்க வேண்டுமென்று ஐந்து மாதக் குழந்தையை அவளிடமிருந்து பிடுங்கினார்கள். பதினொரு நாளில் அது செத்தது. அதன்பிறகு பதிவேட்டில் தண்டனைகள்தான். கதவை உடைத்தாள், தலை மழிக்கப்பட்டது. மேற்பார்வைக்காரியைக் கடித்தாள், இருட்டறை. இதையெல்லாம் வாசித்து முடித்து, பிரியோனி வினியை உயர்த்தினாள். அதுவரை அழுதுகொண்டிருந்த வினி, "ஹொனோரா, இது உன் பிள்ளை" என்று சொல்லி முடித்ததும் சட்டென்று நிறுத்தினாள். கூட்டம் அதை அழகு என்றது. பிரியோனிக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலையிலிருந்துதான் வினி பால் குடிப்பதை நிறுத்தினாள்.

இன்று புதன்கிழமை. நர்ஸிடமிருந்து திரும்பி, குழந்தையைப் பெரிய கட்டிலில் தலையணை அணைத்துப் படுக்கவைக்கும்போது பிரியோனி அதன் உச்சந்தலையை முகர்ந்தாள். தாய்மார்கள் எல்லோரும் செய்வதுதான். பால் வாசனை இல்லை. சவுக்காரமும் நனைந்த கம்பளியும் பல நாள் குளிக்காத உடம்பின் புளிப்பும் கலந்து வேறொரு வாசனை வந்தது, அது வீட்டிலோ துணியிலோ இல்லை, குழந்தையின் தோலில் இருந்தது. மறுபடி முகர்ந்தாள். வினி அவளைப் பார்க்காமல் அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தாள். திரும்பிப் பார்க்கப் பிரியோனிக்குத் தைரியம் வரவில்லை.

முன்னறைக்கு வந்து, குளிர்காயும் விறகு அடுப்பை மூட்டினாள். தீ பிடித்தும் குளிர் போகவில்லை. கைபேசி அடித்தது.

டோட் அத்தை, அவள் அப்பாவின் அக்கா. எழுபது வயதிலும் ஆவணக் காப்பகமே கதி என்று கிடப்பவள். நாக்கில் கத்தி வைத்திருப்பவள்.

"அடியே, நீ தப்பான பொம்பளைக்குக் குல்லா தச்சிருக்க."

ஒரே கப்பலில் இரண்டு ஹொனோரா கியோ இருந்தார்களாம். இன்னொருத்திக்கு முப்பத்தொரு வயது, ஆடு திருடியவள். தச்சனைக் கட்டிக்கொண்டு ஏழு பெற்றவள் அந்த ஆட்டுக்காரிதான், கல்யாணப் பதிவேட்டில் வயது தெளிவாக இருக்கிறது. நம் குடும்பம் அவள் வழி. சின்னவள் மூன்றாம் வருடமே இருட்டறையில் செத்துப்போனாள்.

பிரியோனிக்கு முகம் சுட்டது. கப்பல் பட்டியலில் இரண்டு பெயரையும் அவள் பார்த்திருந்தாள். ஆடு திருடியவளுக்காக யார் அழப்போகிறார்கள் என்று அந்த வரியைத் தாண்டிப் போனதும் அவள்தான்.

"அந்தச் சின்னவளுக்கு வேற பிள்ளை இல்லையா அத்தை?"

"பிள்ளையும் இல்ல, ஒரு நாதியும் இல்ல. நூத்தி எண்பது வருஷமா ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடல. நீதான் கூப்பிட்டு, உன் பிள்ளையையும் காட்டிட்டு வந்திருக்க. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதை."

அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அடியில், படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. உறிஞ்சல். விழுங்கல். மூக்கால் ஒரு மூச்சு. மறுபடி உறிஞ்சல்.

கைபேசியை வைத்துவிட்டு நடந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

வினி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் வாய்க்கு எதிரே ஒன்றுமில்லை. ஆனாலும் கன்னம் குழிந்தது, நிறைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. கடைவாயில் பால் வழிந்தது. அவளுக்கு எதிரே மெத்தை அமுங்கியிருந்தது. தோள் அளவுக்கு. இடுப்பு அளவுக்கு. கால் வரைக்கும்.

பிரியோனிக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. பிள்ளையை விட்டு எங்கே ஓடுவது?

"அவ என் பிள்ளை" என்றாள். "நான் ஆள் தெரியாம சொல்லிட்டேன். உனக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்ல. விட்டுடு."

விழுங்கல் நின்றது.

மெத்தையில் இருந்த நீளப் பள்ளம் சுருங்கி ஓரிடத்தில் ஆழமாயிற்று. முழங்கை ஊன்றி யாரோ எழுந்தது போல.

பாய்ந்தாள். வினியை வாரி எடுத்தாள். பாதிதான் எடுக்க முடிந்தது. குழந்தையின் இடது கை கட்டில் பக்கமாக விறைத்து நீண்டது. கொழுத்த மணிக்கட்டில் நான்கு குழிகள். அடியில் ஐந்தாவது. சுற்றிலும் சதை வெளுத்தது.

இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது.

வினி வீறிட்டாள். தாயின் முகத்தைப் பார்த்து வீறிட்டாள்.

இழுத்தால் கை போய்விடும். விட்டால் பிள்ளை போய்விடும். இழுக்கவில்லை. விடவும் இல்லை. இரண்டு கையையும் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கோத்து மார்போடு இறுக்கினாள். அவள் மார்பிலிருந்து பால் தானாகப் பீறிட்டுச் சட்டையை நனைத்தது. வினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணிக்கட்டுக் குழிகள் மறைந்தன. அழுகை நின்றது.

பிறகு கோத்திருந்த அவள் விரல்கள்மேல் ஏதோ ஈரமாய்ப் பட்டது. குளிர்ந்து, சொரசொரப்பாய். அவசரமே இல்லாமல் அது ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.

சுண்டு விரல்.

மோதிர விரல்.