ஒட்டிலியாவின் ஏழாம் பாட்டு

சிட்னியில், பரமட்டாவில் பஸ் மாறி, பிற்பகல் இரண்டு மணிக்கு யோகராணி அந்தக் கன்னியர் மடத்துக்கு வந்து சேர்ந்தாள். மடத்தை அடுத்த மாதம் மூடப்போகிறார்கள். அதற்குள் அங்கிருக்கும் பழைய புத்தகமொன்றைத் துப்புரவாக்கிப் படம் எடுக்க வேண்டும். பழைய ஏடுகளைப் பழுதுபார்ப்பது அவளுடைய தொழில்.

கதவைத் திறந்தவர் சிஸ்டர் கேத்ரின். பினாங்குத் தமிழர்; முப்பது வருடமாக இங்கேயே இருப்பவர். புத்தக அறைக்குள் கால் வைத்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. புளித்த பாலும், அவிழ்த்துப் போட்ட புண்துணியும் கலந்த வீச்சம்.

"எலி ஏதும் செத்துக் கிடக்குதோ, சிஸ்டர்?"

"இல்லைங்க. புத்தகம்தான்."

அதை எழுதியவள் ஒட்டிலியா, எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் கன்னியாஸ்திரி. தொழுநோயாளிகளைக் கழுவித் துடைப்பது அவள் வேலை. முதல் நாள் அருவருப்பில் ஓங்காளித்தாளாம். அது பாவம் என்று மனம் குத்தவே, தன்னைத் தண்டிக்கப் புண் கழுவிய தண்ணீரை அள்ளிக் குடித்தாள். தேனாய் இனித்ததாம். அன்றே தரிசனம் கண்டாள், பாட்டு எழுதினாள். பிறகு அந்தத் தண்ணீர் இல்லாமல் ஒரு வரியும் வரவில்லை. கடைசியில் மையையும் அதிலேயே கரைத்தாள்.

"விரல வாயில வச்சிடாதீங்க," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போனார்.

இதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா என்று யோகராணிக்கு எரிச்சலாக இருந்தது.

கன்றுத்தோல் பக்கங்கள். மயிர்த்துளைகள்கூடத் தெரிந்தன. ஆறு பாட்டுகள் தொல்லையில்லாமல் முடிந்தன. ஏழாவதைப் புரட்டியபோது பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. எழுத்துகளைச் சுற்றித் தோல் சிவந்து தடித்திருந்தது. பஞ்சால் ஒற்றினாள். மஞ்சளாக, நூல் நூலாக இழுபட்டு வந்தது. துடைத்தாள். மறுபடி ஊறியது.

பக்கம் சீழ் பிடித்திருந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மடக்.

யாரோ விழுங்கும் சத்தம்.

மடக். மடக்.

கண்ணைத் திறந்தாள். அறையில் வேறு யாருமில்லை. அவளுடைய விரல்தான் அவளுடைய வாய்க்குள் இருந்தது.

இனித்தது.

குளியலறைக்கு ஓடிப் பித்தம் வரும்வரை வாந்தி எடுத்தாள். நாக்கைத் துவாயால் தோல் உரியத் தேய்த்தாள். இனிப்பு போகவில்லை. வாசலில் சிஸ்டர் நின்றார்.

"எத்தனை தடவை?" என்றார், கிசுகிசுப்பாக.

"தெரியேல்ல. என்ர கை போனதே எனக்குத் தெரியாது."

"அந்த ஏழாவது பாட்டு பாதியில நிக்குது. அதுக்குள்ள ஒட்டிலியா செத்துட்டாங்க."

"எனக்கு இந்த வேலை வேண்டாம், சிஸ்டர். நான் இனி வரமாட்டன்."

சிஸ்டர் சிலுவை மட்டும் போட்டார்.

வீட்டுக்கு, டூங்கபிக்குப் போகும் ரயிலில் பள்ளிப்பிள்ளைகள் இரைச்சலாக இருந்தார்கள். அவளுக்கு மூச்சு சீரானது. அடுத்த நிலையத்தில் ஒரு முதியவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே கட்டு. அதன் ஓரத்தால் நிணநீர் கசிந்து சப்பாத்துக்குள் இறங்கியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள்.

யோகராணியும் எழும்ப நினைத்தாள். கால்கள் எழும்பவில்லை. அவளுக்குத் தெரியாத மொழியில், பாதியில் நின்ற பாட்டின் அடுத்த வரி அவள் உதட்டில் வந்து நின்றது.

வாந்தி வருகிறது என்று வாயைப் பொத்தினாள்.

விரலிடுக்கில் வழிந்தது எச்சில்.