தாலியில் கோத்த ரோமாபுரிக் காசு

குருவிகுளம் பக்கம் கிணறு தூர்வாரப் போன நல்லகண்ணு, உச்சிவெயிலில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான். மடியில் ஒற்றைத் தங்கக்காசு. சேற்றில் கிடைத்தது, கூட வேலை பார்த்தவர்களுக்குக் காட்டவில்லை.

நேரே நகை ஆசாரி பேச்சிராஜாவிடம் போனான். காசில் பனைபோல ஒரு மரம். அடியில் தலைகுனிந்து உட்கார்ந்த பெண். பக்கத்தில் ஈட்டியோடு ஒருவன். ஆசாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“சாமின்னு நெனைச்சிராதேயும். ரோமாபுரிக்காரன் சண்டையில செயிச்சு அடிச்ச காசு வே. இவ தோத்த சனம். கையப் பின்னால கட்டி வச்சிருக்கான், பாரும்.”

தாலுகா ஆபீசில் கொடுத்துவிடச் சொன்னார். நல்லகண்ணு கேட்கவில்லை. பொம்பளை தாலியில் கிடப்பதை எந்தப் போலீஸ் தேடப்போகிறது? காசுக்கு வளையம் பற்றவைத்து வாங்கி, பனையடி அம்மன் என்று பெண்டாட்டி ஞானபூரணத்திடம் சொல்லித் தாலிக்கயிற்றில் கோத்தான். விசைத்தறியில் நின்று நின்றே வற்றிப்போனவள், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தவனுக்குப் பழந்தோல் வாடை குப்பென்று அடித்தது.

அவள் சுவரோரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கைகள் பின்னால்.

கயிறு இல்லை. கயிறு இறுக்கிய தடம் மட்டும் மணிக்கட்டில் கன்றிச் சிவந்திருந்தது. பிடித்து இழுத்தான். எலும்பு நெறிந்தது, கை பிரியவில்லை.

“பின்னால ஒருத்தன் நிக்கான்,” என்று முணுமுணுத்தாள். “இது அம்மன்தானா? சத்தியமாச் சொல்லுங்க.”

உண்மையைச் சொன்னால் தெரு கூடும், காசு போகும்.

“அம்மன்தான். கும்பிட்டுக்கோ.”

அவன் முதுகுக்குப் பின்னால் கயிறு முறுகும் சத்தம்.

அவனுக்கும் பின்னால் போன கை முன்னால் வரவில்லை.

அலறல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சங்கரேஸ்வரியிடம் எல்லாவற்றையும் கக்கினான். தாலியைக் கழற்றிக் காசை எடுத்துவிடச் சொல்லி அழுதான். அவள் பின்வாங்கினாள்.

“புருசன் உசுரோட இருக்கையில நான் எப்படிக் கழத்துவேன்? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

தெருவில் எவளும் தொடவில்லை. ஞானபூரணம் தலை நிமிராமல் சொன்னாள்:

“அப்பம் இவரு சாவட்டும். அதுவரை உக்காந்திருக்கேன்.”

மாசம் இரண்டாகிறது. ஆஸ்பத்திரியில் நரம்புக் கோளாறு என்றார்கள். சங்கரேஸ்வரிதான் இருவருக்கும் சோறு ஊட்டுகிறாள். அவள் பெருக்கப் போகும்போதெல்லாம் புழுதியில் ஆணி அடித்த செருப்புத் தடம், காவல்காரன் நடந்ததுபோல வீட்டைச் சுற்றிக் கிடக்கிறது.

நேற்றிலிருந்து அது அவள் வீட்டையும் சேர்த்துச் சுற்றுகிறது.