ஸ்பேஸ் பாரை அழுத்தியவள்

வக்கீலுக்கு இரண்டாம் தாரமாக அந்தப் பழைய வீட்டுக்கு வந்தவளுக்குப் படுக்கையறை, சமையலறை எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன. பழகாதது முன்னறை ஒன்றுதான். அது வக்கீலின் ஆபீஸ். ஜன்னல் ஓரம் கம்ப்யூட்டர். அதன் முன்னால், இறந்துபோன மூத்தவள் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோன நாற்காலி. அவளுடைய கை கிரீம் வாசனை கீபோர்டை விட்டு இன்னும் போகவில்லை.

மனுக்களை டைப் செய்வது இப்போது இவள் வேலை. ஒரு பக்கம் முடிப்பதற்குள் நாலு தடவை நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"எதுக்கு மாங்கு மாங்குன்னு அடிக்கிறே?" என்றார் வக்கீல். "அடிக்கடி வர்ற வரிக்கெல்லாம் அவ ஷார்ட்கட் போட்டு வச்சிருக்கா. 'மவ'ன்னு அடிச்சு ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாரு."

தட்டினாள். முழு வாக்கியமும் பொத்தென்று வந்து விழுந்தது.

'மனுதாரர் மேற்கண்ட விலாசத்தில் தன் கணவருடன் வாழ்ந்து வருகிறார்.'

"கெட்டிக்காரி!" என்றார் வக்கீல். சொன்னது இவளை அல்ல.

அன்றிலிருந்து கோர்ட்டுக்குப் போன ஒவ்வொரு தாளிலும் மூத்தவளின் வார்த்தைகள்தான். வக்கீல் வாய்விட்டுப் படிப்பார். அந்த வரி வரும்போது மட்டும் குரல் இளகும். செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது அசிங்கம் என்று இவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் வயிறு பற்றி எரிந்தது. உயிரோடு இருப்பவள் என்றால் முடியைப் பிடித்துச் சண்டையாவது போடலாம்.

ஒரு மழைப் பகலில் வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வெளியே இருட்டிக்கொண்டு கொட்டியது. இவள் ஷார்ட்கட் பெட்டியைத் திறந்து, மூத்தவள் போட்டுவைத்திருந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். களை பிடுங்குவது போல் சுகமாக இருந்தது. 'மவ'வைக் கடைசியில் அழித்து, அதே எழுத்துகளுக்குத் தன் வார்த்தைகளில் ஒரு வரியைப் போட்டாள்.

சரியாக விழுகிறதா என்று பார்க்க 'மவ' என்று அடித்துவிட்டு மூக்கைச் சொறியக் கையை எடுத்தாள்.

டக்.

ஸ்பேஸ் பார் தானாக அமுங்கி எழுந்தது.

'மனுதாரர் மேற்கண்ட விலாசத்தில் தன் கணவருடன் இன்னும் வாழ்ந்து வருகிறார்.'

அழித்த வரி அது. 'இன்னும்' என்ற சொல் மட்டும் புதிது.

கை கிரீம் வாசனை குப்பென்று எழுந்தது, யாரோ அப்போதுதான் தடவிக்கொண்டு வந்ததுபோல.

பயம் இவளை நாற்காலியை விட்டு எழுப்பியது. ஆனால் அதையும் மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"அவரு இப்ப என் புருஷன்," என்று கிசுகிசுத்தாள். "போயிடு."

டக்.

'இன்னும் வாழ்ந்து வருகிறார்.'

டக். டக்.

'இன்னும். இன்னும்.'

இவள் பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

டைப் செய்யும் சத்தம் நிற்கவில்லை.

இருட்டில் விசைகள் அமுங்கி எழுந்தன, படபடவென்று, பழகிய கையின் வேகத்தில்.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

"குட்டிம்மா?" வக்கீலின் குரல் உடைந்திருந்தது.

இவளை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். கையில் பிளக்கோடு சுவரோரம் நிற்பவளைப் பார்த்தார். தானே ஓடிக்கொண்டிருந்த விசைகளைப் பார்த்தார். ஐயோ என்று அலறுவார், தன்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவார் என்று இவள் காத்திருந்தாள்.

அவர் முகம் மலர்ந்தது.

"என்னங்க..." என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. "வாங்க, போயிடலாம்."

"நீ கொஞ்ச நேரம் வெளியே இரேன்," என்றார் மெதுவாக. நாற்காலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எப்படி வராந்தாவுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே டைப் சத்தம் நின்றது.

ஜன்னல் வழியே பார்த்தாள். அறையின் அந்தக் கோடியில், கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில், வக்கீல் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவின் உள்தாழ்ப்பாள் விழுந்தது.