பூட்டிய வீட்டுச் சுவர்

"இன்னா தங்கச்சி, நான் செவுத்துல தட்டுனா உங்க அண்ணன எழுப்பி அனுப்புவியா, இல்ல நீயும் சேந்து தூங்குவியா?" என்று பக்கத்து வீட்டு மெஹபூப் அலி ஒருமுறை தேவானையிடம் கேட்டிருந்தார்.

"அனுப்பாம இன்னா பாய். பதிலுக்கு ஒண்ணு தட்டுறேன். வாசல்ல நில்லுங்க."

யுத்தம் தொடங்கியபின் மில்லின் சங்கு விமானத் தாக்குதலுக்கு மட்டும்தான் என்றாகிவிட்டது. அதனால் சாந்தோம் பக்கத்து இந்த மில் தொழிலாளர் லைனில் வீட்டுக்கு வீடு சுவரைத் தட்டித்தான் ஷிப்டுக்கு எழுப்பினார்கள். மூன்று தட்டினால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். பதிலுக்கு ஒன்று விழுந்தால், ஆள் வரும்வரை தட்டியவர் வாசலில் நிற்க வேண்டும்.

போன வாரம் மெஹபூப் அலி காய்ச்சலில் இறந்தார். அவர் வீட்டில் மில்காரர்கள் மாட்டிய பூட்டு தொங்கியது. அதே காய்ச்சல் இப்போது அண்ணன் ராஜரத்தினத்துக்கு. இரவும் பகலும் ஈரத்துணி மாற்றித் தேவானையின் விரல்கள் மரத்துவிட்டன. இன்று மத்தியானம்தான் அவன் அசந்து தூங்கினான். இந்தத் தூக்கம் கலையாவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார்.

ஓட்டுக்கூரையின் வெக்கையும், புளித்த கஞ்சியும், கடற்காற்றில் வந்த கருவாட்டு வாடையும், லைன் முழுக்கப் படிந்திருந்த பஞ்சுத் தூசியின் எண்ணெய் நாற்றமும் ஒன்றாகக் கலந்து இமைகளை அழுத்த, அண்ணனின் கையைப் பிடித்தபடியே, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் சாய்ந்து அவள் கண்ணை மூடினாள்.

தட். தட். தட்.

தூக்கக் கலக்கத்தில், தினமும் செய்வதுபோல, இன்னொரு கை எழுந்து சுவரில் ஒருமுறை தட்டியது.

பிறகுதான் விழித்தாள். அந்தப்பக்கம் பூட்டிய வீடு.

அங்கே கோரைப்பாயைச் சுருட்டும் சத்தம். ஒரு வறட்டு இருமல். பிறகு செருப்பு இழுபடும் சத்தம், மெதுவாக, இவர்கள் வாசல்வரை.

நின்றது.

"பாய், அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல. இன்னிக்கு வர்ல. நீங்க போங்க."

செருப்பு நகரவில்லை.

அண்ணனின் கையை இறுக்கினாள். சூடு இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு கணம் மூச்சு வந்தது. ஆனால் கை இன்னும் குளிர்ந்துகொண்டே போனது.

கதவு திறந்தது. வெயில்.

தோளில் துண்டும் தலையில் பஞ்சுத் தூசியுமாக ராஜரத்தினம் நிலைப்படியைத் தாண்டினான். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கவில்லை. வாசலில் நின்றவரோடு நடந்து போனான்.

அவன் கை இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது.