கண்ணெதிரே போன லென்ஸ்

"ஐயா, நான் திருடி இல்லைங்க. நேத்து காணாமப் போன லென்ஸ் சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா முதலாளி என்னைப் போலீஸ்ல ஒப்படைச்சிடுவாராம்" என்று அழுதபடி வந்து நின்றாள் அந்தப் பெண். கேமரா தொழிற்சாலை வாசலில், வெளியே போகும் பைகளை எக்ஸ்ரே திரையில் சோதிப்பது அவள் வேலை.

துப்பறிவாளர் பதறவில்லை. பதறுகிற வேலையை அவர் எப்போதோ மைத்துனனிடம் விட்டுவிட்டார்.

தொழிற்சாலைக்குப் போனதும் நேற்றைய எக்ஸ்ரே படங்களை மைத்துனன் ஒன்றுவிடாமல் அலசினான். கூரியர் பைக்குள் ஒரு கத்தரிக்கோல் பளிச்சென்று தெரிந்தது.

"அது வெளிய போகக் கூடாதுங்க. எடுத்து வச்சிட்டுப் பையை விட்டேன்" என்றாள் அவள். தினமும் அந்தப் பையைக் கட்டுவது சரக்கறையைக் கவனிக்கும் ஸ்டோர்காரர்; வண்டியில் எடுத்துப் போவது அவரும் டிரைவரும்.

"எந்தப் படத்துலயும் லென்ஸ் இல்லை மாமா. வேற வழியாத்தான் போயிருக்கு" என்று அடித்துச் சொன்னான் மைத்துனன்.

துப்பறிவாளர் முதலாளியையும் டிரைவரையும் ஸ்டோர்காரரையும் தனித்தனியே அழைத்து, கூரியர் பையின் படத்தைக் காட்டி, "என்ன தெரியுது?" என்று கேட்டார். மூவரும் "கத்தரிக்கோல்" என்றார்கள்.

பிறகு எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்தார். "படத்தை நீங்க பார்த்தீங்க, நான் உங்க கண்ணைப் பார்த்தேன். நம்ம கவனம் டார்ச் வெளிச்சம் மாதிரி. தேடினதுல ஒண்ணு கிடைச்சதும் திருப்தியாகி அங்கேயே நின்னுடும். ஸ்டோர்காரர் கண்ணு மட்டும் முதல்ல இடது மூலைக்கு ஓடிச்சு. அங்க என்ன இருக்கு?"

டேப் சுருளுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில், முழுசாக லென்ஸ்!

மைத்துனன் படத்தின் மேல் குனிந்தான். அவனே கண்ணை விரித்து அலசிய படம். யாரும் எதையும் மறைக்கவில்லை. தன் கண்ணே தன்னை இப்படி ஏமாற்றுமா என்று மறுபடி மறுபடி பார்த்தான்.

ஸ்டோர்காரர் தலைகுனிந்தார். "நானும் அந்தத் திரை முன்னாடி வேலை பார்த்தவன்தாங்க. ஒண்ணு சிக்கினா அதோட விட்டுடுவோம். அதுக்குத்தான் கத்தரிக்கோலை வச்சேன். வெளிய போனதும் பையிலேருந்து எடுத்துட்டேன். லென்ஸ் வீட்ல இருக்கு."

"மன்னிச்சிடும்மா. நாளைக்கு வேலைக்கு வா" என்றார் முதலாளி.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரலால் அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எவ்வளவு பெருசா இருக்கு! அப்ப இதுக்கு முன்னாடி எத்தனையைக் கோட்டை விட்டிருப்பேனோ?"

முதலாளியும் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். அவர் கண்ணும் கத்தரிக்கோலோடு நின்றுவிட்டதுதானே.