நாற்பது துருத்திகள்

சுவரிலிருந்த எட்டு விளக்குகளும் ஒன்றாக மங்கி, ஒன்றாகத் தெளிந்தன.

ஒழுகிக்கொண்டிருந்த தேநீர்க் கொதிகலனின் குழாயைத் திருகிக்கொண்டிருந்த ஹெஸ்டர் கார்சைட் தலையைத் தூக்கிப் பார்த்து அலுத்துக்கொண்டாள். இது வேறயா! நண்பகல் தாண்டி மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஆனால் நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மூன்று மணி என்பது அந்திக்குப் பக்கம். அந்தப் பழைய எரிவாயு ஆலையின் உயரமான சன்னல்களில் ஈயநிற வானம் அப்பிக்கிடந்தது, செங்கல் சுவர்களிலிருந்து நிலக்கரியும் ஈரத்துணியும் கலந்த வாடை கசிந்துகொண்டிருந்தது.

நீராவி யுகம் முடியவே இல்லை என்று கற்பனை செய்யும் ஸ்டீம்பங்க் கதைகளின் ரசிகர்கள் அன்று அங்கே கூடியிருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக இந்தச் சந்திப்பை நடத்துபவள் ஹெஸ்டர். மற்றவர்கள் உயரத் தொப்பியும் பித்தளைக் கண்ணாடியுமாக ஆகாயக் கப்பல் தளபதிகளாகத் திரிவார்கள். கோப்பை கழுவுவதும் நாற்காலி அடுக்குவதும் அவள் தலையில் விழும். இந்த வருடம் எல்லாரும் ‘விஷப்பனி சூழ்ந்த நகரத்தின்’ குடிமக்கள். அதற்காகக் கிளெம் ஆர்மரோட் நாற்பது முகமூடிகள் செய்திருந்தான். பேருந்துப் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற கிளெமுக்குக் கைவேலை தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு முகமூடியிலும் இரண்டு வட்டக் கண்ணாடிகள், ஒரு பித்தளைக் குழாய், குழாயின் முனையில் மார்பில் தொங்கும் சிறிய தோல் துருத்தி. துருத்திக்கும் வாருக்குமான தோல் இந்த ஆலையின் நிலவறைப் பெட்டி ஒன்றில் கிடைத்ததாம். துருத்தி வெறும் அலங்காரம். மூச்சுக்குத் தாடைக்குக் கீழே ஓட்டை வைத்திருந்தான்.

ஏணியை இழுத்துப் போட்டு ஹெஸ்டர் முதல் விளக்கைத் திறந்தாள். அவளே போன வாரம் போட்ட இரண்டு பேட்டரிகள். இரண்டையும் உருவினாள்.

விளக்கு மங்கியது. பிறகு மெல்லத் தெளிந்தது.

“கிளெம்! இங்க வா. இந்த விளக்குல என்ன பண்ணி வச்சிருக்க?”

முகமூடியோடு வந்து நின்ற கிளெம் இடுப்பை வளைத்து வணங்கினான். “சீமாட்டியே... ஆகாயத்துல நிறைஞ்ச ஈதர் சக்திக்கு... பேட்டரி எதுக்கு?”

“விளையாட்ட விடுப்பா. பேட்டரி என் கையில இருக்கு. பாரு.”

“அதான்... அற்புதம்...”

அவன் ஏன் இப்படி விட்டு விட்டுப் பேசுகிறான் என்று எரிச்சலோடு பார்த்தவள் அப்போதுதான் கவனித்தாள். துருத்தி சுருங்கும்போது மட்டுமே அவனுக்குச் சொல் வந்தது. அது விரியும்போது அவன் வாயடைத்துக் காத்திருந்தான்.

“துருத்தி வேலை செய்யுதா? அலங்காரம்னு சொன்னியே?”

கிளெமின் வட்டக் கண்ணாடிகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஏணியிலிருந்து இறங்கி நின்றபோது மண்டபத்தின் சத்தம் மாறியிருந்தது அவளுக்கு உறைத்தது. இசைப்பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பேச்சும் சிரிப்பும் கோப்பை உரசலும் எப்போதோ நின்றுபோய், அந்த இடத்தில், உலை ஊதுவதைப் போல, ஒரே ஒரு நீண்ட காற்றொலி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது துருத்திகள். ஒன்றாக விரிந்தன. ஒன்றாகச் சுருங்கின. விளக்குகளும் அவற்றோடு.

வினி எங்கே?

வினி அவள் தங்கை. ஆஸ்துமாக்காரி. இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. அக்காவின் மனசு நோகக் கூடாதென்று இந்த வருடம்தான் முதல்முறை வந்திருந்தாள். “அழகா இருக்கும், போட்டுக்கோடி” என்று காலையில் முகமூடியை மாட்டிவிட்டதே ஹெஸ்டர்தான்.

மேடைக்கு ஓடி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

“எல்லாரும் முகமூடியக் கழட்டுங்க. ஏதோ சரியில்ல. இது நாடகம் இல்ல. சத்தியமா நாடகம் இல்ல!”

கையுறை போட்ட எண்பது கைகள் தட்டின. துருத்தி சுருங்கும்போது ஒரு தட்டு. விரியும்போது அமைதி. மறுபடி ஒரு தட்டு.

“கடவுளே, ஒரு தடவையாவது நான் சொல்றதக் கேளுங்களேன்!”

ஒரு தட்டு.

ஒலிவாங்கியை வீசிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள். யாரும் வழிவிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வினியின் பச்சைக் கம்பளிச் சால்வை தூண் அருகே தெரிந்தது. மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். வினி நடந்தாள். பொம்மை நடப்பதைப் போல, ஒவ்வொரு விரிவுக்கும் ஓர் அடி.

கதவு. படிகள். கார் நிறுத்துமிடம்.

குளிர்ந்த சுத்தமான காற்று முகத்தில் அடித்தது. தெருவில் ஒரு பேருந்து போயிற்று. ஹெஸ்டருக்கு உயிர் வந்தது. வினியின் பின்னந்தலையிலிருந்த கொக்கியை அவிழ்த்து முகமூடியை உருவினாள்.

வினியின் முகம்தான். வியர்வையில் ஒட்டிய முடி. திறந்த கண்கள்.

“அவ்வளவுதான்டி. முடிஞ்சுது. நல்லா மூச்ச இழுத்து விடு.”

வினியின் மார்பு அசையவில்லை.

ஹெஸ்டரின் கையில் துருத்தி விரிந்தது. சுருங்கியது. வெதுவெதுப்பாக.

“வினி? மூச்சு விடுடி. வினி!”

தங்கையின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. சத்தம் கீழிருந்து வந்தது, ஹெஸ்டரின் கையிலிருந்து, பித்தளைக் குழாய் வழியாக.

“அக்கா... மாட்டி விடு.”

உதடுகள் நீலமாயின. பிறகு கன்னம். வினி இரண்டு கைகளையும் நீட்டினாள், பசித்த குழந்தையைப் போல. கால்கள் மடங்கத் தொடங்கின.

“அக்கா...”

ஹெஸ்டர் மாட்டிவிட்டாள். வேறு என்ன செய்வாள்? கதறிக்கொண்டே மாட்டிவிட்டாள். வாரை இழுத்தாள். இறுக்கினாள். துருத்தி வினியின் மார்பில் நிறைந்தது. கன்னத்தின் நீலம் வடிந்தது. வினி நிமிர்ந்து நின்றாள்; மண்டபத்தின் பக்கம் திரும்பினாள்.

“வேணாம். உள்ள போகாத. இரு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அவங்க கழட்டுவாங்க, இரு...”

தங்கையின் தலைக்குப் பின்னால் கையை விட்டு ஹெஸ்டர் கொக்கியைத் தேடினாள்.

கொக்கி இல்லை.

முடியை விலக்கிப் பார்த்தாள். வார் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில், அந்தப் பழைய தோலுக்கு அடியில், அவள் விரல் நுனியில், நாடி துடித்துக்கொண்டிருந்தது.